கயிறு கட்டிய அக்கா

கண்ணே சிமிட்டாமல் நிற்கிறாள் அங்கயற்கண்ணி, கன்னத்தில் வட்டமாக ரோஸ் பவுடர், உதட்டின் இரு ஓரத்திலிருந்தும் மோவாய்க்கு இறங்கும் மைக்கோடு, வாயைத் தனியாகச் செய்து மாட்டியது போல, மணிக்கட்டு இரண்டிலும் வெள்ளைக் கயிறு, மறுமுனையைப் பிடித்தபடி பின்னால் பெஞ்சின்மேல் நிற்கிறாள் தில்லைநாயகி, அவளுடைய ஓரகத்தி, எதிர்வீட்டிலேயே இருந்தும் மூன்று வருஷமாக அவளோடு பேசாதவள். கொழுந்தன் கல்யாணப் பந்தியில், இலையில் சாதம் விழுந்த பிறகு, சம்பந்தி வீட்டார் உட்காரணும், நீ எந்திரி, அடுத்த பந்தியில சாப்பிடலாம் என்று அத்தனை பேர் முன்னால் எழுப்பிவிட்டவள் மூத்த மருமகளான இந்த அக்காதான், அந்தப் பந்தி இப்போதும் தில்லைக்குள் நடந்துகொண்டேயிருக்கிறது, எழுந்துகொண்டேயிருக்கிறாள்.

ரயில்வே காலனிப் பொங்கல் விழாவுக்குப் பொம்மலாட்டம் மாதிரி மனுஷங்களே ஆடலாம் என்றாள் எஸ்தர் டீச்சர், யாருக்கு யார் ஜோடி என்று சீட்டுக் குலுக்கியதில் இவர்கள் பெயர் சேர்ந்து வந்தது, அவள் விலகட்டும் என்று இவளும், இவள் விலகட்டும் என்று அவளும் பிடிவாதமாக இருந்துவிட்டார்கள். பத்து நாள் ஒத்திகையிலும் பேச்சில்லை, கயிறுதான் பேசிற்று, சுண்டினால் கை எழும், தளர்த்தினால் விழும், அக்காவை இப்படி ஆட்டிவைப்பதில் தில்லைக்கு முதலில் ஒரு குஷி, வேண்டுமென்றே ஏழெட்டுக் கும்பிடு போடவைத்தாள், அக்காவும் சளைக்காமல் போட்டாள்.

இப்போது மேடையில், தவில் முழங்க முழங்க, அந்தக் குஷி எங்கோ போய்விட்டது. மூச்சுவிடாமல் பேசுகிறவள், சிரித்தால் தோள் குலுங்குகிறவள், அவள் எங்கே, இந்த மரக்கட்டை யார், கழுத்து டக்கென்று திரும்புகிறது, கண் திரும்பவில்லை, முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, விசிலடித்தவர்கள் ஓய்ந்துபோனார்கள், கயிறு வழியாக அந்த ஜில்லிப்பு தன் உள்ளங்கைக்கு ஏறி வருவதுபோல் இருக்கிறது தில்லைக்கு.

அப்போதுதான் வலதுகைக் கயிறு அறுந்தது. கை செத்துத் தொங்கிற்று. பதறி இடதைச் சுண்டினாள், அதுவும் அறுந்தது, பொம்மை இடுப்பில் மடிந்து, முழங்காலில் மடிந்து, பலகையில் தொப்பென்று விழுந்தது, ஒத்திகையில் இல்லாத விழுகை, கண் மட்டும் திறந்தபடி. தவில்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று பார்க்கிறார். தில்லை பெஞ்சிலிருந்து குதித்தாள், அக்கா, ஏ அக்கா, எந்திரிங்கக்கா, என்று உலுக்குகிறாள், தலையைத் தூக்கி மடியில் வைக்கிறாள், தலை தொய்ந்து சாய்கிறது, நான் உங்ககிட்டப் பேசணும்கா, எந்திரிச்சுத் தொலைங்களேன், என்று அழுதேவிட்டாள்.

உதடு அசையவில்லை, ஆனால் குரல் வந்தது, கயிறு அறுந்தா பொம்மை வேற என்னடி பண்ணும், கெடக்கத்தானே செய்யும்?

அந்த ரோஸ் கன்னத்தில் பொய்யாக ஒரு அறை விட்டாள் தில்லை, பாவி, உசிரே போயிடுச்சு எனக்கு. போச்சுல்ல, அப்பவாவது வாயத் தொறந்தியே, என்றாள் அக்கா, உதடு அசையாமலே, பிறகு இன்னும் தணிந்து, அன்னிக்கு உன்னை எழுப்பினது தப்புதான்டி, எனக்கும் அன்னிக்குச் சோறு எறங்கல, இந்தா, எல்லாரும் பாக்குறாங்க, தூக்கு.

கயிறில்லாத வெறுங்கையைத் தில்லை மேலே உயர்த்தினாள். பொம்மை எழுந்தது, முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஒவ்வொன்றாக. கூட்டம் ஒரே இரைச்சல், எல்லாம் ஏற்கெனவே ஏற்பாடு செய்தது என்றே நினைத்துவிட்டது, அழுத குழந்தைகூடக் கைதட்டுகிறது, தவில் இரட்டை வேகம் பிடித்தது. நின்ற பொம்மை மெதுவாகத் திரும்பிற்று, முதன்முதலாகக் கண் சிமிட்டிற்று, தன் வெறுங்கையை நீட்டி எதையோ பிடிப்பதுபோல் விரல்களை மடக்கிச் சுண்டிற்று, தில்லையின் வலதுகை, அவள் தூக்காமலே, சரேலென்று எழுந்துவிட்டது. அடுத்து இடது. அடுத்து ஒரு கால். அடக்கமாட்டாத சிரிப்பில் உடம்பு குலுங்க, முகத்தை மட்டும் மரமாக வைத்துக்கொண்டு, பல்லுக்கிடையில் சொல்கிறாள் தில்லை, மெதுவா இழுங்கக்கா, பொடவை தடுக்குது.