ஏசி முதலில்

துலாம் என்கிற ஐப்பசி மாதத்து இடி அன்று காலையிலேயே கொச்சியின் மட்டாஞ்சேரியில் இறங்கியது. சங்கர்ராமின் வீட்டருகே இருந்த மின்கம்பத்தில் மின்னல் விழுந்து வீட்டில் டிவி, ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் போயின. ஒரு மணி நேரத்தில் கரண்ட் வந்தது. ஆனால் அவருடைய அப்பா ஹரிநாராயணனுக்கு மூச்சு தந்துகொண்டிருந்த ஆக்சிஜன் மெஷின் ஓடவில்லை.

மதியம் பழுது பார்க்க வந்த சஜ்ஜாத் அதைத்தான் முதலில் கையில் எடுத்தான். பெரியவர் கட்டிலில் சாய்ந்து, அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

“அது அப்பறம். ஹால் ஏசியப் பாரு,” என்றார் சங்கர்ராம். “நாலு மணிக்கு என் பொண்ணு அஞ்சனாவப் பாக்க மாப்பிள்ளையாத்துக்காரா வரா.”

“சிலிண்டர்ல கொஞ்சம்தான் இருக்கு சாரே. முள்ளு சிவப்புக்கிட்ட வந்தாச்சு.”

“அதெல்லாம் அஞ்சு மணி வரைக்கும் ஓடும்.” சங்கர்ராம் குனிந்து சிலிண்டரின் திருகைக் கொஞ்சம் குறைத்து வைத்தார்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா...”

“வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா வரவா என்ன நெனைப்பா?”

சஜ்ஜாத் பெரியவரைப் பார்த்தான். அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, “அவன் சொல்றதப் பண்ணுங்கோ. இல்லேன்னா அப்பறம் என்னண்டதான் கோவிச்சுப்பான்,” என்றார்.

அந்தத் தெருவில் பாதி வீடுகளில் சஜ்ஜாத்துக்கு வேலை வாங்கித் தந்தவர் சங்கர்ராம். சஜ்ஜாத் மெஷினைக் கீழே வைத்தான். ஹாலுக்குப் போனான். ஏசியின் போர்டு கருகியிருந்தது. வைட்டிலாவிலிருந்து வேறு போர்டு வரவழைத்துப் பொருத்தி, குளிர்காற்று வந்தபோது மணி மூன்றே முக்கால். இடையில் இரண்டு முறை உள்ளறையில் இருமல் கேட்டது. சங்கர்ராம் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சஜ்ஜாத் கருவிப் பெட்டியோடு உள்ளறைக்குள் நுழைந்தான். சிலிண்டரின் முள் அடியில் கிடந்தது. ஹரிநாராயணனின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. சஜ்ஜாத் அவர் நெஞ்சில் கை வைத்து அழுத்தினான். தன் தோள் வலிக்கும் வரை அழுத்தினான். பயனில்லை.

கதவை லேசாகத் திறந்து சங்கர்ராமைக் கூப்பிட்டான். அவர் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அரை மணிக்கூர்ல அவா போயிடுவா. அதுவரைக்கும் இங்கயே இரு. அஞ்சனாக்குத் தெரியப்படாது.”

கதவு மறுபடி சாத்தப்பட்டது. ஹாலில் யாரோ வேடிக்கையாக ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார சஜ்ஜாத்தால் முடியவில்லை. மெஷினைக் கழற்றினான். ஒரு ஃபியூஸும், அதிக மின்சாரம் பாய்ந்து வெடித்த காசளவு வில்லை ஒன்றும்தான் போயிருந்தன. இரண்டுமே அவன் பெட்டியில் இருந்தன. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சுவிட்சைப் போட்டதும் மெஷின் இரைந்துகொண்டு ஓடத் தொடங்கியது.

கதவு திறந்தது.

“அத அணை,” என்றார் சங்கர்ராம். “ஹாலுக்குக் கேக்கறது.”

சஜ்ஜாத் அணைத்தான்.