கண்ணாடிச் சுரங்கம்

அச்சுவேலியில் வெளிக்கிட்ட ஓட்டோ நீர்வேலியைத் தாண்டுவதற்குள் வினோஜா பையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துவிட்டாள். தண்ணீர்ப் போத்தல் இருந்தது. பிள்ளைக்கு மாற்றுச் சட்டை இருந்தது. இருமல் மருந்தும் இருந்தது.

"என்னப்பா தேடுறாய்?" ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் பிரவீணன் முன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"ஒண்டுமில்லை. நீங்கள் றோட்டைப் பாருங்கோ."

பின்சீற்றில் அவளுக்கும் சுதாகரனுக்கும் நடுவில் நிவேதனா இருந்தாள். ஐந்து வயது. சுதாகரன்தான் அவளைப் பெற்ற தகப்பன். தாய் தனுசியா, வினோஜாவின் தமக்கை. பிள்ளை தவழத் தொடங்கிய காலத்தில் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு சுதாகரன் ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டு, எங்கெங்கோ அலைந்து பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தான். பிள்ளை வினோஜாவிடம் வளர்ந்தது. அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டது. வினோஜாவுக்கும் பிரவீணனுக்கும் வேறு பிள்ளைகள் இல்லை.

இப்போது சுதாகரனுக்கு வதிவுரிமை கிடைத்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தான்.

போனில் நாள்தோறும் "அப்பா, அப்பா" என்று கதைத்த பிள்ளை, நேரில் அவனைக் கண்டதும் வினோஜாவின் பின்னால் ஒளிந்தது. ஒரு கிழமை ஆகியும் கிட்டப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் மீன் கண்காட்சி நடக்கிறது, எல்லாருமாய்ப் போனால் பிள்ளை பழகும் என்று பிரவீணன்தான் சொன்னான். வினோஜா சரி என்றாள். சொன்ன நேரம் தொட்டு அவளுக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பிள்ளை பழக வேண்டும் என்றும் நினைத்தாள். பழகிவிடக் கூடாது என்றும் நினைத்தாள்.

மைதானத்தில் சனம் நெரிந்தது. தகரக் கொட்டகைக்குள் வரிசையாகத் தொட்டிகள், அதற்கு அப்பால் கண்ணாடிச் சுரங்கம். தலைக்கு மேலேயும் இரண்டு பக்கமும் தண்ணீர். நடுவால் ஆட்கள் நடந்து போனார்கள்.

"அம்மா, சுறா எங்கை?"

"உள்ளுக்கை இருக்குமாம். ஓடாதை, கையைப் பிடி."

"வினோஜா, நான் பிடிக்கட்டோ?" என்று சுதாகரன் கேட்டான். கேட்ட விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது.

வேண்டாம் என்று சொல்ல ஒரு நியாயமும் அவளிடம் இல்லை. "போ பிள்ளை, அப்பாவோடை போ" என்று சின்னக் கையை எடுத்து அவன் கைக்குள் வைத்தாள். நிவேதனா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். பின்னால் வந்த வினோஜா அந்த இரண்டு கைகளையும் தவிர வேறு ஒன்றையும் பார்க்கவில்லை. மேலே ஒரு திருக்கை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு போனதாகப் பிரவீணன் சொன்னான். அவள் நிமிரவேயில்லை.

சுரங்கத்தின் நடுவுக்கு வந்தபோது கரண்ட் நின்றது.

ஒரே இருட்டு. யாரோ கூவினார்கள், யாரோ சிரித்தார்கள். பிறகு தள்ளுமுள்ளுத் தொடங்கியது. ஒரு ஆள் வினோஜாவின் தோளில் பலமாக இடித்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினான்.

"நிவே! பிள்ளை! அத்தான், பிள்ளையைப் பிடிச்சிருக்கிறியளோ?"

கொஞ்சம் தள்ளி, தாழ்வாக, ஒரு குரல் "அம்மா" என்றது. வினோஜா சனத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு போய் நிலத்தைத் தடவினாள். கையில் சட்டை தட்டுப்பட்டது. அள்ளித் தூக்கிக்கொண்டாள். பிள்ளையின் நெஞ்சு படபடவென்று அடித்தது. தன் நெஞ்சா பிள்ளையின் நெஞ்சா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜெனரேற்றர் உறுமி வெளிச்சம் வந்தபோது சுதாகரனைக் காணவில்லை.

"விட்டிட்டு ஓடிட்டார்" என்றாள் வினோஜா. "பாத்தீங்களோ? இருட்டிலை பிள்ளையை விட்டிட்டு ஓடிட்டார். இவரை நம்பியோ அனுப்பிறது?"

"மெல்லக் கதை. பிள்ளை கேக்குது" என்றான் பிரவீணன்.

மூவரும் வெளியே வந்தார்கள். சுதாகரனைக் கண்டால் கேட்க வேண்டிய பேச்செல்லாம் வினோஜாவின் வாய்க்குள் தயாராய் நின்றது. ஆனால் கொட்டகைக்குப் பின்னால், வேலிக்கரையில் குந்தியிருந்தவனைக் கண்டதும் அவள் நின்றுவிட்டாள். சுதாகரன் சத்தி எடுத்திருந்தான். சேட் முழுக்க வேர்வை. பிரவீணன் போய் முதுகைத் தடவினான்.

"என்னண்ணை செய்யுது?"

"பிரான்சுக்குப் போகேக்கை ஒரு வள்ளத்திலை அடைச்சு ஏத்தினவங்கள்" என்றான் சுதாகரன், தலையை நிமிர்த்தாமல். "அடித்தட்டிலை விட்டுப் பூட்டிப்போட்டாங்கள். தண்ணி உள்ளுக்கை வந்திட்டுது. எனக்குப் பக்கத்திலை இருந்த பொடியன் மூச்சுவிட ஏலாமலே செத்துப்போனான். இண்டைக்கு இருட்டினவுடனை... தண்ணி மேலை நிக்குது எண்டது மட்டுந்தான் தெரிஞ்சது. பிள்ளையின்ரை கை எப்ப விட்டுப்போச்சுதெண்டே தெரியேல்லை, வினோஜா."

போனில் ஒருநாளும் அவன் இதைச் சொன்னதில்லை. எந்நேரமும் சிரித்துக்கொண்டுதான் கதைத்தான். தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள். "வாயைக் கொப்பளியுங்கோ அத்தான்."

நிவேதனா அவள் இடுப்பில் இருந்து வழுகி இறங்கினாள். இரண்டடி தள்ளி நின்று தகப்பனை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, நீங்களும் பயந்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை."

"நானும் பயந்தனான்." சுரங்கப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நான் இன்னும் சுறா பாக்கேல்லை."

"அம்மாவோடை போய்ப் பார் குஞ்சு."

"நீங்களும் வாங்கோ. கண்ணை மூடிக்கொண்டு வாங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."

வேண்டாம் என்று தடுக்க வினோஜா வாயெடுத்தாள். அதற்குள் நிவேதனா அவன் சுண்டுவிரலைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டாள். சுதாகரன் தயங்கித் தயங்கி எழும்பினான். வாசலில் உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டான். "படி இருக்கு அப்பா, காலைத் தூக்குங்கோ" என்கிற குரல் உள்ளே போய்த் தேய்ந்தது.

"நீயும் போவன்" என்றான் பிரவீணன்.

"இல்லை. போகட்டும்."

சொன்னாளே தவிர நிற்க முடியவில்லை. வெளிவாசலுக்கு நடந்தாள், திரும்பி உள்வாசலுக்கு வந்தாள். சுரங்கத்தின் மறுபக்கத்தால் இருவரும் வெளியே வந்தபோது பிள்ளைதான் முன்னுக்கு வந்தாள்.

"அம்மா, சுறாவுக்கு இவ்வளவு பல்லு! அப்பா ஒருக்கால் கண் திறந்தவர்!"

ஐஸ்கிறீம் கடையின் மர வாங்கில் எல்லாரும் இருந்தபோது சுதாகரன் மெதுவாகச் சொன்னான். "இந்த முறை நான் தனியத்தான் போறன். பிள்ளையை எப்பவும் நீங்களே வைச்சிருங்கோ எண்டு சொல்ல மனம் வரேல்லை, குறை நினையாதை. ஆனா இப்ப பிடுங்கிக்கொண்டு போகமாட்டன். மார்கழியிலை வந்து ஒரு மாசம் நிக்கிறன்."

பிரவீணன் தலையாட்டினான். இதைத்தானே வினோஜா எல்லாத் தெய்வத்திடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்? கேட்டது கிடைத்தும் உள்ளுக்குள் ஒன்று அடங்க மறுத்தது. ஐஸ்கிறீமை முழங்கை வரை வழியவிட்டுக்கொண்டு, நிவேதனா இப்போது தகப்பனின் பக்கத்தில்தான் இருந்தாள்.

"ரெண்டு மாசம் நில்லுங்கோ அத்தான்" என்றாள் வினோஜா. "ஒரு மாசம் காணாது."