வாசலில் ஆறு ஜோடி

“அடிச்சது அப்பா. பாத்துக்கிட்டு நின்னது யாரும்மா?”

“ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போப்பா.”

பதினோரு வருடங்களுக்கு முன் வீட்டு வாசலில் அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அவன் கையில் ஒரு துணிப்பை. பெல்ட் பட்டுப் பிளந்த முதுகில் சட்டை ஒட்டிப்போயிருந்தது. சாப்பிடாமலே போய்விட்டான். அவன் கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. அவளோடு விமானமேறி, கடல் தாண்டி இந்த அந்நிய ஊர் வரைக்கும் வந்துவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் என்பதால் ஊரில் அவளை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். கணவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், பெண்டாட்டிக்கும் அவர் மாஸ்டர்தான். இருவரும் ஓய்வு பெற்றதும் சபை அவர்களைப் பதினெட்டு மாத ஊழியத்துக்கு இங்கே அனுப்பியது. இங்கேயும் சபைக்காரர்கள் அவளை சிஸ்டர் என்றார்கள், அவரை பிரதர் என்றார்கள்.

“சர்வீஸ் முழுக்க சிஸ்டர், ரிட்டயர் ஆகியும் சிஸ்டர். ஒரு ப்ரமோஷன் உண்டா எனக்கு?” என்று அவள் ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

“என் கதையக் கேளு. தாலி கட்டினவன், இப்ப உனக்கே பிரதர் ஆகிட்டேன்” என்றார் மாஸ்டர்.

ஊழியத்துக்கு வரும் தம்பதிக்குச் சபை ஒரு விதி வைத்திருந்தது. எங்கே போனாலும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டபடி இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் நைட் ட்யூட்டி, அவர் மைதானம் என்று ஆளுக்கொரு பக்கமாக ஓடியவர்கள், அறுபதைத் தாண்டித்தான் ஒரே மேசையில் மூன்று வேளையும் சாப்பிட்டார்கள். மாஸ்டர் காய் நறுக்கப் பழகினார். அவளுக்குக் கண் மங்கியபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். பஸ்ஸில் அவள் தூங்கி விழுந்தால், இறங்கும் இடம் வரை தோளை அசைக்காமல் வைத்திருப்பார். இப்படிப்பட்ட மனிதரிடம் அந்த ஒன்றைக் கேட்டுவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றும். நுனிநாக்கு வரை வரும். விழுங்கிவிடுவாள்.

காரணம், காலை ஜெபம். தினமும் முட்டி போட்டு, கண்ணை மூடி, மாஸ்டர் ஒரே வரியைத்தான் சொல்வார். “ஆண்டவரே, எங்க புள்ளைக்கு மனந்திரும்புதலைக் கொடும்.” பக்கத்தில் முட்டி போட்டு அவள் ஆமென் சொல்வாள். பிள்ளைக்கு இப்போது நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் பண்ணுவான். பின்னால் அப்பாவின் இருமல் கேட்டால் லைன் கட்டாகிவிடும். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை; காலேஜை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னான், அவ்வளவுதான். மாஸ்டர் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதுதான் அவள் பதினோரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்த கோரிக்கை. ஊழியம் முடிவதற்குள் கேட்டுவிடுவது என்று விமானத்தில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். இன்னும் பதினாறு நாள்தான் பாக்கி.

அவர்களுடைய வேலை ஒரு தையல் வகுப்பு. இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை, ஆறு மெஷின், ஆறு பெண்கள். ஆறு பேரும் புருஷனிடம் உயிர் தப்பி வந்து, சபை நடத்தும் விடுதியில் ஒளிந்திருப்பவர்கள். வாயில் நுழையாத அவர்கள் பெயர்களுக்குப் பதிலாக மாஸ்டர் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தார். அதில் ஒருத்தி கிளி. அவளுடைய பழுப்பு ஷூவில் ஒன்றுக்குப் பழுப்பு நாடா, மற்றதற்குப் பச்சை நாடா. ஒரு நாடாவை உருவித்தான் அவள் புருஷன் அவள் கையைக் கட்டிப்போட்டு அடித்தானாம். போலீஸ் அதை அறுத்து எடுத்துக்கொண்டு போனதால், கைக்குக் கிடைத்த பச்சை நாடாவைக் கோத்துக்கொண்டாள்.

போர்டு மாட்டாதீர்கள், கதவைப் பூட்டியே வையுங்கள், திரைச்சீலையை விலக்காதீர்கள் என்று சபைத் தலைவர் சொல்லியிருந்தார். மூன்றையும் சிஸ்டர் மருந்துச் சீட்டு மாதிரி கடைப்பிடித்தாள். ஆனால் துணியைத் தரையில் விரித்து வெட்டுகிற அறைக்குள் யாராவது செருப்புக் காலோடு நுழைவதா? முதல் நாளே எல்லோரையும் வெளியே கழற்றச் சொன்னாள். அந்தப் பெண்கள் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். மாடிப்படி முடிகிற வாசலில் ஆறு ஜோடி வரிசையாக இருக்கும். அது ஒரு போர்டு என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் கீழே கடைக்குச் சரக்கு இறக்க வந்த லாரி டிரைவர், கழிப்பறை தேடி மாடி ஏறினான். செருப்பு வரிசையைப் பார்த்தான். குனிந்து, பச்சை நாடா கோத்த பழுப்பு ஷூவைக் கையில் எடுத்தான். எல்லாம் பின்னால் கடைக்காரர் சொல்லித் தெரிந்ததுதான். பேசாமல் இறங்கிப் போய், லாரியிலிருந்து டயர் கழற்றும் ஸ்பானரோடு திரும்ப வந்தானாம்.

கதவு மூன்றாவது அடியில் பிளந்தது. வந்தவன் கிளியின் புருஷன். குறுக்கே இருந்த மெஷினை ஒரே வீச்சில் கவிழ்த்தான். அடுத்த வீச்சு கிளியின் தோளில் இறங்கியது. அவள் சுவரோடு சரிந்தாள். மூன்றாவது வீச்சுக்கு அவன் கை ஓங்கியபோது, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த மாஸ்டர் எழுந்துவிட்டார். வெட்டு மேசையில் கிடந்த இரும்பு அளவுகோலை எடுத்து அவன் மணிக்கட்டில் போட்டார். ஸ்பானர் தெறித்து விழுந்தது. அடுத்த அடி காதோரம். மாடு மாதிரி இருந்தவன் மண்டியிட்டு விழுந்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஸ்பானர் எட்டாத தூரத்தில் கிடந்தது, அவன் கை தொங்கிப் போயிருந்தது. சிஸ்டர் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருப்பாள். இவன் இனி எழ மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

மாஸ்டர் நிறுத்தவில்லை. அளவுகோலின் விளிம்பு முகத்தில் இறங்கியது. தாடை விலகுகிற சத்தம் கேட்டது. “இனிமே செய்வியா?” என்றார். தமிழ் தெரியாத அந்த ஆளிடம் தமிழில்தான் கேட்டார். “செய்வியா? செய்வியா?” ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. வெட்டி வைத்த வெள்ளைத் துணிகள் மேல் ரத்தம் சிதறியது. அவன் பதில் சொல்லவில்லை என்பதே அவருக்குக் கோபமாக இருந்தது போல, இன்னும் ஓங்கினார்.

அந்தக் குரல் சிஸ்டருக்குத் தெரியும். பெல்ட்டும் இதே கேள்வியைத்தான் கேட்டது. சுவரோரம் கிளி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, தன்மேல் விழாத ஒவ்வொரு அடிக்கும் துடித்தாள். பிள்ளையும் அப்படித்தான் தலையை மூடிக்கொண்டான். அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்றவள், இன்றைக்குக் கையில் கத்தரிக்கோலோடு நிற்கிறாள். பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் கையை நீட்டினாள். இறங்கிய அளவுகோல் அவள் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்ததை வலிக்கு முன்னால் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள். மாஸ்டர் கையில் அளவுகோலோடு அவளைப் பார்த்தார், யாரோ என்பது போல.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. தாடை உடைந்து, ஒரு காது கேட்காமல் போய், அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். கடைக்காரர் சாட்சி சொன்னதால் போலீஸ் மாஸ்டரைக் கை குலுக்கி அனுப்பியது. சபைத் தலைவர் கண் கலங்கி, கர்த்தர் உங்கள் கையைப் பயன்படுத்தினார் என்றார். மாஸ்டர் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கிளி படுத்திருந்த கட்டிலுக்குப் போனபோதுதான் அது நடந்தது. மாஸ்டர் வழியில் பழம் வாங்கி வந்திருந்தார். கொடுக்கக் கையை நீட்டினார். கிளி சட்டென்று, கட்டுப் போடாத கையால் தலையை மூடிக்கொண்டாள். காப்பாற்றியவர் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அவள் கை அறிவைக் கேட்டுக்கொண்டு அசையவில்லை. மாஸ்டர் பழத்தைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார்.

“பயந்துட்டா, பாவம்” என்றார்.

சிஸ்டர் கிளியின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

மிச்ச நாட்களில் அவர் அவளைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட கைக்குத் தலையணை வைத்தார், சோறு ஊட்டினார், தலை வாரி எலிவால் போல ஒரு பின்னல் போட்டார். “கண்ணாடில பாக்காத, அழுதுடுவ” என்று கேலி செய்தார். அடியைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். கை தவறிப் பட்டுவிட்டதாம், நடுவில் அவள் வந்திருக்கக் கூடாதாம். அடிக்கிற கை தவறாது மாஸ்டர், வந்திருக்க வேண்டியது பதினோரு வருஷத்துக்கு முன்னால் என்று சிஸ்டர் மனதுக்குள் சொன்னாள்.

கடைசி நாள் காலை. பெட்டிகள் கதவோரம் நின்றன. வகுப்பு அறைச் சாவியும், மெஷின்களின் பட்டியலும் அடுத்து வரும் தம்பதிக்காக ஒரு உறையில் தயாராக இருந்தன. பட்டியலின் கடைசியில் சிஸ்டர் இடது கையால் கோணல்மாணலாக ஒரு வரி எழுதியிருந்தாள்: செருப்புகளை உள்ளே வைக்கவும்.

டாக்ஸி வர அரை மணி நேரம் இருந்தது. மாஸ்டர் கட்டிலைப் பிடித்து மெல்ல முட்டி போட்டார். அவளும் முட்டி போட்டாள். அவருடைய விரல் முட்டிகளில் அளவுகோல் கிழித்த காயம் ஆறி, கறுத்திருந்தது. பத்திரமாகக் கொண்டு வந்ததற்கும், பத்திரமாகக் கொண்டு போவதற்கும் நன்றி சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“ஆண்டவரே, எங்க புள்ளைக்கு மனந்திரும்புதலைக் கொடும்.”

ஆமென் வரவில்லை. சற்றுப் பொறுத்து அவர் கண்ணைத் திறந்தார். அவள் கண் மூடவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, கை வலிக்குதா?”

“வலிக்குது மாஸ்டர். அவனுக்கும் இப்படித்தான் வலிச்சிருக்கும்.” அவள் குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “நாம இறங்கினதும் நம்ம வீட்டுக்குப் போக வேணாம். நேரா அவன் வீட்டுக்குப் போவோம். பாத்துக்கிட்டு நின்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கப்போறேன். எனக்கு முன்னாடி நீங்க கேளுங்க. நம்ம புள்ளகிட்ட, உங்க வாயால, அடிச்சது தப்புன்னு சொல்லி மன்னிப்புக் கேளுங்க.”