அணையாத சிவப்பு விளக்கு

அரியலூரில் அந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்கு, புற்றுநோய்க்குக் கதிர் வைக்கிற கோபால்ட் மெஷின் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எண்பத்து நான்காம் வருஷம் அது. மெஷினை இயக்குகிற வேலை மலர்க்கொடிக்கு. நோயாளியைப் படுக்கவைத்து, கதிர் படவேண்டிய இடத்தைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்து கனமான கதவைச் சாத்துவாள். சாத்தினால்தான் மெஷின் ஓடும். யாராவது தவறிப்போய்க் கதவைத் திறந்தால் கதிர் வீசும் கோபால்ட் தானாகவே மெஷினிலுள்ள ஈயப் பெட்டிக்குள் போய்விடும்.

திருமானூர் கலியம்மாளுக்குக் கருப்பையில் புற்றுநோய். புருஷன் அய்யாக்கண்ணு தினமும் பஸ்ஸில் கூட்டிவருவார். முதல் நாள் தனியாகப் படுக்கவே அவள் பயந்தாள். "அசையாமப் படுத்திருங்க பெரியம்மா, நான் கண்ணாடி வழியா உங்களையே பாத்துக்கிட்டிருப்பேன்" என்று மலர்க்கொடி சொன்ன பிறகுதான் கண்ணை மூடினாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், நேரம் முடிந்து மணி அடித்தது. கதிர் வீசும்வரை எரிகிற, கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு அணையவில்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். கதவைத் திறந்தாள். அப்போதும் எரிந்தது. கோபால்ட் உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொண்டுவிட்டது. கதிர் கலியம்மாள் மேல் விழுந்துகொண்டே இருந்தது.

இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று பாதுகாப்பு அதிகாரி பஞ்சநாதன் பலமுறை பழக்கிவைத்திருந்தார். நோயாளியால் எழ முடிந்தால் குரல் கொடுத்து வரவழைக்க வேண்டும். முடியாவிட்டால் ஆள் உள்ளே போய் இழுத்துவர வேண்டும். அப்படி நேர்ந்தால் போகவேண்டியவள் மலர்க்கொடிதான். ஆனால் அவளுக்குக் கால் எழவில்லை. அவள் முழுகாமல் இருந்தாள். வேலையை மாற்றிவிடுவார்களே என்று ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அய்யாக்கண்ணு பதறி ஓடிவந்தார். அவரைக் கதவோரம் மறித்துப் பிடித்துக்கொண்டே மைக்கை எடுத்தாள்.

"பெரியம்மா, மெஷின் நிக்கல. எந்திரிச்சு உக்காராதீங்க, கதிரு தலையில படும். எடது பக்கமாப் பொரண்டு கீழ எறங்கி வந்துடுங்க."

கலியம்மாள் அசையவில்லை. அசையாதே என்றுதானே தினமும் கேட்டிருக்கிறாள். கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பி மலர்க்கொடியைப் பார்த்தாள். அவள் வருவாள் என்று எதிர்பார்த்த பார்வை அது. வரவில்லை என்று தெரிந்ததும் புரண்டு இறங்கினாள். முழங்கால் தரையில் இடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஞ்சநாதன் வந்து, நீளமான கம்பியால் கோபால்டை உள்ளே தள்ளிவிட்டு விரைந்து வெளியேறினார். கூடுதலாகப் பட்ட கதிர் கொஞ்சம்தான், வரும் நாட்களில் குறைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று கணக்குப் பார்த்துச் சொன்னார். வெளியிலிருந்தே கூப்பிட்டதுதான் சரி என்று மலர்க்கொடியைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு அவளுக்குக் கசந்தது. முறைப்படி செய்ததா, பயந்துபோய் நின்றதா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அன்று சாயங்காலமே அவரிடம் தன் நிலையைச் சொன்னாள். முன்னமே சொல்லாததற்கு அவர் கோபித்துக்கொண்டார். கதவும் விளக்கும் மட்டும் பாதுகாப்பல்ல, உள்ளதைச் சொல்வதும் அதில் சேர்த்திதான் என்றார். மறுநாள் முதல் அவளுக்குச் சீட்டு எழுதும் வேலை.

மெஷின் சரியானதும் சிலர் பயந்து வராமலே நின்றுவிட்டார்கள். கலியம்மாள் வந்தாள். அய்யாக்கண்ணு டீ வாங்கப் போயிருந்தபோது மலர்க்கொடி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வயித்துல புள்ள இருக்கு பெரியம்மா. அதான் அன்னிக்கு உள்ள வரல."

கலியம்மாள் அன்று இடித்த முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு, "பாத்துக்கிட்டே நிக்கிறாளேன்னு கோவமாத்தான் இருந்துச்சு. நான் எந்திரிக்க முடியாமக் கெடந்திருந்தா வந்திருப்பியா?" என்று கேட்டாள்.

"தெரியல பெரியம்மா."

கலியம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். கோபம் முழுதும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் குரல் இறங்கியிருந்தது.

"அவருகிட்ட இதச் சொல்லிடாத. நீதான் என்னக் காப்பாத்துனேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மலர்க்கொடி கை கொடுக்கப் போனாள். கலியம்மாள் அந்தக் கையைப் பிடித்து எழுந்து, கதவுவரை வந்ததும் விட்டுவிட்டு உள்ளே போனாள்.