எரியாத கரி

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, "உழைப்பாளர் சிறப்பிதழ் போடுறோம். ஒரு கதை கொடுங்க, வேர்வை வாசம் அடிக்கணும்" என்றார். எனக்கு மின்விசிறி நின்றால்தான் வேர்க்கும். ஆகவே கடன் வாங்கிய வேர்வைக்காக அக்காவின் பட்டறைக்குப் போனேன்.

கனரக லாரிகளின் புகை வடிகட்டியைச் சுத்தம் செய்வது அக்காவின் தொழில். டீசல் புகையிலிருக்கும் கரியை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் இரும்பு உருளை அது. உள்ளே தேன்கூடு மாதிரி பொடிப்பொடித் துளைகள். கரி நிறைந்ததும் வண்டியில் ஒரு விளக்கு எரியும். ஓரங்கட்டி, பொத்தானை அமுக்கி, முக்கால் மணி நேரம் இன்ஜினை உறும விட்டால் வடிகட்டி சூடேறிக் கரி எரிந்துபோகும். கொஞ்சம் சாம்பல் மிஞ்சும். சாம்பல் எரியாது. அது சேரச் சேர, கழற்றி அக்காவிடம் கொண்டுவர வேண்டும். இந்தப் பத்தி சலிப்பாக இருந்தால் தாண்டிப் போகலாம். அப்புறம் கதை புரியவில்லை என்று எனக்குக் கடிதம் போடக் கூடாது.

2

முதல் தொடக்கம்: "புகைபோக்கியின் கருத்த வாயிலிருந்து காலம் கசிந்துகொண்டிருந்தது..." (அடித்துவிட்டேன். அங்கே அப்படி எதுவும் கசியவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "கரி படிந்த அவள் விரல்களில் ஒரு சமூகத்தின்..." (அக்கா கையுறை போட்டிருந்தாள். முகமூடியும். விரலே தெரியவில்லை.)

மூன்றாம் தொடக்கத்தைத் தந்தவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். நகருக்குள்ளேயே ஜல்லி, மணல் ஏற்றும் லாரியை ஓட்டுகிறார். சில வாரங்களாக வேலை முடிந்து தாமதமாகத்தான் வீடு வந்துகொண்டிருந்தார். கேட்டால் ஒரே பதில்: "வழியில விளக்கு போட்டுடுச்சு. ஓரங்கட்டிக் கரி எரிச்சுட்டு வரேன்."

அக்கா நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, பட்டறைக்கு வரும் டிரைவர்களிடம் பெருமையாகச் சொன்னாள்: "விளக்கு வந்தா அலட்சியம் பண்ணாதீங்க. எங்க வீட்டுக்காரரைப் பாருங்க, எவ்வளவு லேட்டானாலும் நின்னு எரிச்சுட்டுத்தான் வருவார்."

3

அத்தானின் லாரி ஒரு மேட்டில் ஏற முடியாமல் திணறி, பட்டறைக்கு வந்து சேர்ந்தது. வடிகட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். அக்கா அதை மேசையில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். தராசில் ஏற்றினாள். மறுபடி டார்ச் அடித்தாள்.

"என்னக்கா, சாம்பல் ஜாஸ்தியா?" என்று ஏதோ விஷயம் தெரிந்தவன் போலக் கேட்டேன்.

"சாம்பலே இல்லடா. பூராவும் கரி. போன தடவ நானே சுத்தம் பண்ணி மாட்டினேன். அதுக்கப்புறம் இது ஒரு நாள்கூட எரியல."

"சரி, அதனால என்ன?"

(மனித மனத்தின் ஆழங்களை எழுதுபவன் என்று என்னைப் பற்றி ஒருவர் மதிப்புரை எழுதியிருக்கிறார். அவர் அன்று பட்டறையில் இல்லாதது என் அதிர்ஷ்டம்.)

அக்கா முகமூடியைக் கழற்றினாள். "தினமும் நின்னு எரிச்சேன்னு சொன்னாரே. நின்னிருக்கார், எரிக்கல. நிக்கிற மனுஷனுக்குப் பொத்தானை அமுக்க என்ன கஷ்டம்? அமுக்கினா இன்ஜின் ஊரைக் கூட்டும். அப்போ, சத்தம் போட முடியாத இடத்துல நின்னிருக்கார்."

தாமதத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. போக்குவரத்து, பஞ்சர், முதலாளி. அத்தனையையும் விட்டுவிட்டு, தன் மனைவியால் திறந்து பார்த்து எடை போட முடிந்த ஒரே காரணத்தைத் தேடிப்பிடித்துச் சொல்லியிருக்கிறார் அத்தான். பொய் சொல்லக்கூட ஒரு துப்பு வேண்டும்.

4

இனி கதையை நான் நடத்த வேண்டும். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ) இன்னொரு பெண். ஆசிரியர் மகிழ்வார், படம் போட வசதி.

ஆ) ஆஸ்பத்திரி. யாருக்கும் சொல்லாத நோய். சத்தம் போடக் கூடாத இடம் என்பதும் பொருந்திவிடுகிறது. வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இ) (இதை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.) எங்குமே போகவில்லை. ஏதோ ஒரு தெருவில் வண்டியை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போக மனமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது அக்காதான். கரி எரிந்து தீர வடிகட்டி இரவெல்லாம் பட்டறைச் சூளையில் இருக்க வேண்டியிருந்தது, லாரி இல்லாததால் அத்தான் அன்று நேரத்தோடு வீடு வந்தாராம். மறுநாள் சொன்னாள்: "எங்க உக்கார்றதுன்னு தெரியாம விருந்தாளி மாதிரி நின்னார்டா. நான் ஒண்ணும் கேக்கல. யாராவது ஒருத்தி இருந்தாக்கூடப் பரவால்ல, போய்ச் சண்டை போடலாம். யாருமே இல்லாம சும்மா உக்காந்திருந்தார்னா நான் யார்கூடச் சண்டை போடறது?"

கிண்டலாக ஒரு வரி யோசித்தேன், வரவில்லை.

(இந்த இடத்தில் யாராவது விமர்சகர் 'தாம்பத்தியத்தில் எரியாமல் தேங்கிய கரி' என்று எழுதுவார். எழுதட்டும், அவருக்கும் பக்கம் நிரம்ப வேண்டும். நான் சொல்வது லாரியில் இருக்கும் கரியை.)

5

சூளையிலிருந்து எடுத்த வடிகட்டியை அக்கா மூடிய பெட்டிக்குள் வைத்து, காதைப் பிளக்கும் கம்ப்ரசரால் காற்றடித்தாள், எடை பார்த்தாள், வண்டியில் மாட்டினாள். அத்தான் சாவிக்குக் கை நீட்டினார்.

"ஒரு தடவ எரிச்சுப் பாக்கணும்" என்றாள். "ஏறுங்க."

"நீயே பாரேன். நான் இங்க நிக்கறேன்."

"எனக்கென்ன தெரியும்? தினமும் எரிச்சுப் பழகினவர் நீங்கதானே. ஏறுங்க."

அத்தான் அவளைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். ஏறினார். அவள் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். இன்ஜின் உறும ஆரம்பித்தது. எரிந்து முடியும்வரை டிரைவர் இறங்கக் கூடாது என்பது அந்தப் பட்டறையின் சட்டம். போட்டது அக்கா.

வெளியே நின்ற எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எழுத்தாளன் என்ற முறையில் கண்ணாடி வழியாகவே உள்ளே நுழைந்து எழுதலாம். எழுதினேன்.

அவள்: "எங்கேங்க போனீங்க?"

அவர்: "நான்..."

இதற்கு மேல் அ, ஆ, இ மூன்றையும் அவர் வாயில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் என் குரல்தான் கேட்டது. உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: அக்காவுக்குக் கேட்கும் தூரத்தில் சத்தமாகப் படிக்காதீர்கள்.

முக்கால் மணி நேரத்தில் விளக்கு அணைந்திருக்க வேண்டும். உறுமல் தணிந்தது. அக்காவின் கை நீண்டு சாவியைத் திருப்பியது தெரிந்தது. இருவரும் இறங்கவில்லை. முற்றம் சட்டென்று அமைதியாகிவிட்டது. அவள் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. இப்போது பேசினால் எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஆசிரியருக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி.

அத்தான் வாயைத் திறந்தார். நான் உள்ளே ஓடிப்போய்க் கம்ப்ரசரைப் போட்டுவிட்டேன்.