கொதித்தும் திரளாதது

நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது இயக்குநர் என் புரதம் இருந்த சோதனைக் குழாய்களை உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். தம் கையாலேயே. உறைபெட்டிக்குள் என் தட்டில் வேறொருத்தியின் பெயர்ச்சீட்டு ஒட்டியாகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கெட்டுப்போன சரக்கை இன்னும் எத்தனை நாளைக்கும்மா கட்டி அழுவறது? வடிவமே இல்ல. வடிவம் இல்லாதது என்ன வேலை செய்யும்?"

"அதோட இயல்பே அப்படித்தான் சார்."

"ஒழுங்கில்லாத புரதம்னு ஒண்ணு இருக்கு, நானும் படிச்சிருக்கேன். உன்னோடது அது இல்ல. செல்லுலேருந்து பிரிச்செடுக்கும்போது நீ கெடுத்துட்ட."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கச்சிதமாக மடிந்த புரதங்களைப் படிகமாக்கிப் படம் பிடித்தே தலை நரைத்தவர். என்னுடையதோ ஒரு நிலையில் நிற்காது. சிக்கெடுக்காத நூலாக நெளிந்துகொண்டே இருக்கும். அப்படி நெளிவதால்தான் மூளைச் செல்லுக்குள் இதோடும் ஒட்டும், அதோடும் ஒட்டும், வேலை முடிந்ததும் விட்டுவிட்டுப் போகும். அது விறைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு கட்டி தட்டும்போதுதான் வினை. என் அக்காவின் தலைக்குள் இப்போது அதுதான் நடக்கிறது. தையற்காரி அவள். துணியை வெட்ட ஆரம்பித்தால் கத்தரி போட்ட கோட்டிலிருந்து விலகாது. இப்போது கத்தரியைப் பிடித்தபடி கை அப்படியே நின்றுவிடுகிறது. ஒழுங்கு, ஒழுங்கு என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வருவதற்கு அவள் கைதான் காரணம்.

நேற்று போனில் சொன்னாள்: "எனக்கு மருந்து கண்டுபிடிக்கறேன்னு யார்கிட்டயும் கெஞ்சாதடி. சண்டை போடறதுன்னா உனக்காகப் போடு."

கடைசிக் குழாய் அவர் விரலிடுக்கில் இருந்தது. பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் புரதத்தை ஐஸைவிட்டு எடுப்பதே பாவம். மடிந்த புரதம் சூடுபட்டால் அவிழ்ந்து, முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டுவிடும். என்னுடையதில் அவிழ என்ன இருக்கிறது? இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இத்தனை நாளும் எல்லாரையும் போல ஐஸுக்குள் பொத்திப் பொத்தித்தான் வைத்திருந்தேன்.

அவர் மேசையில் ஐஸ் பெட்டிக்குள், கச்சிதமாக மடிந்த அவருடைய நொதிப் புரதம் இருந்தது. உலகத்துக்கே படம் காட்டிய செல்லப்பிள்ளை.

"இதுல ஒரு துளி எடுத்துக்கறேன் சார்."

"அதுல கை வைக்காதே!"

அதற்குள் ஒரு துளியை வேறொரு குழாயில் எடுத்துவிட்டேன். இரண்டு குழாய்களையும் சூடேற்றும் கருவியின் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இறக்கி, சூட்டைக் கொதிநிலைக்குத் திருகினேன்.

"மூளை கெட்டுப்போச்சா உனக்கு? ரெண்டும் பாழ்!"

அவர் சொன்னது நிஜமாக இருந்தால் என்னுடையதும் திரண்டுவிடும், என் கையில் இனி எதுவும் மிச்சமில்லை.

முதலில் அவருடையது மங்கியது. பிறகு வெளுத்தது, கட்டி தட்டியது. என்னுடையதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பளிங்கு மாதிரி தெளிவு. அதற்கு அப்பால் அவர் முகம் தெரிந்தது.

குனிந்து குழாயை உற்றுப் பார்த்தார். அவரும் லேசுப்பட்டவர் அல்ல.

"துண்டு துண்டா உடைஞ்சிருந்தாலும் தெளிவாத்தான் இருக்கும்."

"பாதியை ஜெல்லுல ஓட்டி மூலக்கூறு அளவு பாத்துடலாம் சார். முழுசா இருந்தா தட்டு என்னோடது."

"உடைஞ்சிருந்தா?"

"மறுபடியும் பிரிச்செடுப்பேன். தட்டு அப்பவும் என்னோடதுதான்."

பாதியை ஜெல்லுக்கென்று எடுத்து வைத்துவிட்டு உறைபெட்டியைத் திறந்தேன். அந்தப் பெயர்ச்சீட்டை நகத்தால் உரித்து அவர் மேசையில் ஒட்டினேன். மீதி இருந்த குழாயைக் காலித் தட்டின் நட்டநடுவில் நிறுத்தினேன். கதவை உடனே மூடவில்லை. வெள்ளைக் குளிர்ப்புகை தரையில் இறங்கி, நகராமல் நின்ற அவருடைய காலணிகளைச் சுற்றிக்கொண்டது.