இருக்கைப் பந்தயம்

என் அண்ணன் ராய்டனைத் திட்டுவதற்கு இந்த ஊரில் உரிமை உள்ள ஒரே ஆள் அவன் தங்கை நான்தான். அதனால் முதலிலேயே திட்டிவிடுகிறேன்: அவன் ஒரு முட்டாள். நல்ல மனுஷன் வேறு, அதுதான் கேடு.

கராபிரோ ஏரியில் பள்ளிப் பெண்களுக்குத் துடுப்புப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சம்பளம் கிடையாது. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஏரியைக் கட்டிக்கொண்டவன் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவன் விசைப்படகில் ஒலிபெருக்கியோடு நின்று கத்துவான். நான் கரையில் கூடாரம் போட்டு சாசேஜ் வாட்டுவேன். எனக்குத் துடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, துடுப்பு போடுகிறவர்களின் பசியைப் பற்றி நிறையத் தெரியும்.

எட்டுப் பேர் படகுக்கு ஆள் எடுக்க அவனுக்கு ஒரே வழிதான், இருக்கைப் பந்தயம். நாலு பேர் படகுகள் இரண்டை அருகருகே ஓடவிடுவான். எது எவ்வளவு முந்துகிறது என்று பார்த்துக்கொள்வான். பிறகு நடு ஏரியிலேயே இரண்டு படகையும் ஒட்டி நிறுத்தி, இதிலிருந்து ஒருத்தியையும் அதிலிருந்து ஒருத்தியையும் இடம் மாறச் சொல்வான். படகு கவிழாமல் தவழ்ந்து மாறி உட்காருவார்கள். மறுபடி ஓட்டம். மற்ற ஆறு பேரும் அதே ஆட்கள், அதே இடம். ஆகவே வேகத்தில் வந்த வித்தியாசம் மாறி உட்கார்ந்தவர்களால்தான் வந்திருக்க வேண்டும். யார் ஏறிய படகு வேகம் கூடியதோ இடம் அவளுக்கு. தலைமையாசிரியர் மகள், படகு வாங்கிக் கொடுத்தவர் பேத்தி என்ற கதையெல்லாம் அவனிடம் செல்லாது.

இத்தனைக்கும் அவனைக் கவிழ்த்ததே அந்தப் பந்தயம்தான். இருபத்திரண்டு வயதில், நாட்டுக்காகப் போகும் எட்டுப் பேர் படகின் கடைசி இடத்துக்கு அவனும் ட்ரெவர் என்பவனும் போட்டி போட்டார்கள். ராய்டன் மாறி ஏறிய படகு பின்தங்கிவிட்டது. ட்ரெவர் ஐரோப்பாவுக்குப் போய்ப் பதக்கத்தோடு திரும்பினான். என் அண்ணன் விமான நிலையத்துக்கே போய் அவனுக்குக் கைகொடுத்தான். வீட்டில் அம்மா அழுதபோது, "அவன் என்னைவிட நல்லா இழுத்தாம்மா, அவ்வளவுதான்" என்றான். தன் இடது மணிக்கட்டு சீக்கிரம் மடங்கிவிடுகிறது, அதுதான் குற்றம் என்று அவனாகவே முடிவு கட்டினான். அதைத் திருத்தப்போகிறேன் என்று தனிப் படகில் வருடக்கணக்காக உழன்றான். அதற்குள் போட்டி வயது போய்விட்டது. பயிற்சியாளன் ஆனான்.

இந்த மார்ச்சில் தேசியப் பள்ளிப் போட்டிக்கு எட்டுப் பேரை எடுக்க வேண்டியிருந்தது. ஏழு இடம் முடிந்துவிட்டது. எட்டாவது இடத்துக்கு பிலிப்பாவும் ராவினியாவும். பிலிப்பா மற்ற பெண்களோடு சின்ன வயதிலிருந்தே துடுப்பு போடுகிறவள். ராவினியா ரொட்டோருவாவிலிருந்து இந்த வருடம்தான் வந்தாள். மாமாவின் மாட்டுப் பண்ணையில் தங்கி, விடியலில் பால் கறந்துவிட்டுப் பயிற்சிக்கு வருவாள். அந்தத் தோளைப் பார்த்தால் அவளுக்கு எதிராக யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். நானே அவளுக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

மாறி உட்கார்ந்தார்கள். ராவினியா ஏறிய படகு, கல்லைக் கட்டிவிட்டது மாதிரி பின்தங்கியது. ராய்டன் கரைக்கு வந்து பிலிப்பா பெயரைச் சொன்னான். ராவினியா துடுப்பைத் துடைத்துச் சட்டத்தில் மாட்டினாள். என்னிடம் வந்து ஒரு சாசேஜ் வாங்கிச் சாப்பிட்டாள். "தேங்க்ஸ் க்ளெனிஸ், நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மாமாவின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

கூடாரத்தில் கெல்வின் இருந்தான். ராய்டனை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குப் போன அந்த எட்டுப் பேரில் ஒருவன். இப்போது தொப்பையும் தொப்பியுமாக, பேத்தி துடுப்பு போடுவதைப் பார்க்க மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவான். ராய்டன் தேநீர் எடுக்க வந்ததும் அவன் சிரித்தான்.

"பாத்தியாடா ராய், நம்ம பொண்ணுங்க பழைய வித்தைய மறக்கல."

"எந்த வித்தை?"

"அந்தப் புதுப் பொண்ணு ஏறினதும் மத்த மூணு பேரும் சும்மா தண்ணியத் தடவிட்டு வந்தாளுங்களே. துடுப்பு அழகா இறங்குது, அழகா ஏறுது, இழுப்புதான் இல்ல. என் பேத்தி முதுகு எனக்குத் தெரியாதா? பிலிப்பா அவளுக்கு உயிர்த்தோழி. அவள விட்டுட்டு எப்படிப் போவா?"

"என் பசங்க அப்படிச் செய்ய மாட்டாங்க. யாருமே செய்ய மாட்டாங்க."

"யாரும் செய்ய மாட்டாங்களா? நாங்க உனக்குச் செஞ்சோமேடா!"

வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு சொன்னான். ராய்டன் முகத்தைப் பார்த்த பிறகுதான் மெல்லுவதை நிறுத்தினான்.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சிட்டிருக்கேன்? கிளப்புக்கே தெரியுமேடா. ட்ரெவர் ஜாலியான ஆளு. மாசக்கணக்குல வெளியூர்ல ஒண்ணாக் கெடக்கணும். நீ வந்தா பொழுது சாஞ்சதும் வெளக்க அணைச்சிருவ, பீர எடுத்துச் சாக்கடையில ஊத்திருவ. ஒம்மேல கோவமெல்லாம் இல்லடா."

"அப்ப என் மணிக்கட்டு?" என்று கேட்டான் என் அண்ணன்.

"எந்த மணிக்கட்டு?" என்றான் கெல்வின். பாவி, நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

கையில் இருந்த இடுக்கியால் அவன் மூக்கைப் பிடித்துத் திருக வேண்டும் போல எனக்கு வெறி வந்தது. திருகவில்லை. அவன் தட்டில் மிச்சமிருந்த சாசேஜைப் பிடுங்கி நாய்க்குப் போட்டேன். "இவன் உன் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னானே கெல்வின், மோதிரத்தக் கையில வெச்சுக்கிட்டு நின்னானே" என்றேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

ராவினியாவைப் பார்க்கப் பண்ணைக்குப் போகும் வழியெல்லாம் ராய்டன் பெயர்களாகச் சொல்லிக்கொண்டு வந்தான். இருக்கைப் பந்தயத்தில் தோற்றவர்கள் என்று அவன் வீட்டுக்கு அனுப்பிய பெண்களின் பெயர்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறான், முழங்கால், இடுப்பு, மூச்சு என்று. "யாரு நெஜமாத் தோத்தா, யாரத் தோக்கடிச்சாங்க, எப்படித் தெரியும் க்ளெனிஸ்?" என்றான். எனக்கு எப்படித் தெரியும்?

ராவினியா ரப்பர் பூட்ஸ் போட்டு, கறவைக் கொட்டகையைக் குழாய்த் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தாள். ராய்டன் எல்லாவற்றையும் சொன்னான். தனக்கு நடந்ததையும் சொன்னான். "அந்த இடம் உன்னோடது. நாளைக்கு வந்து உக்காரு. நான் பாத்துக்கறேன்" என்றான்.

அவள் குழாயை மூடினாள். "மூணு பேருமா, கோச்?"

"மூணு பேரும்."

"கெல்வின் பேத்தி நேத்து ராத்திரி அவங்க வீட்ல எனக்குச் சோறு போட்டா." பூட்ஸில் ஒட்டியிருந்த சாணத்தைத் தரையில் தேய்த்தாள். "நான் தோத்துட்டேன்னே விட்டிருக்கலாம் நீங்க. சாப்பிட்டுட்டுத் தூங்கியிருப்பேன்."

"தப்பு என்னோடதும்மா. நான் பாத்திருக்கணும். வந்துடு."

"உங்களுக்கு நடந்தப்ப, மறுநாளே யாராவது வந்து இப்படிக் கூப்பிட்டிருந்தா போயிருப்பீங்களா?"

என் அண்ணன் யோசித்தான். பொய் சொல்ல வராது அவனுக்கு.

"போயிருப்பேன்."

"உங்கள வேணாம்னவங்க கூடவே உக்காந்தா?"

"ஆமா."

"நான் மாட்டேன்" என்றாள். கோபமே இல்லை குரலில். "நம்மள வேணாம்னு முதுகால சொல்றவங்க பின்னாடி உக்காந்து எப்படி கோச் இழுக்கறது? மன்னிச்சிருங்க, மாடு வர்ற நேரமாச்சு." குழாயைத் திறந்து வேலையைத் தொடர்ந்தாள்.

வண்டியில் ஏறியதும் எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே பெருமை. "முதுகெலும்பு உள்ள பொண்ணு" என்றேன். "சரியாச் சொன்னா. நீ அந்தப் பக்கிங்க மூணையும் படகுலேருந்து எறக்கிவிடு."

"எறக்கறேன்" என்றான். சாவியைத் திருகவில்லை.

"என்ன?"

"அவ சரி. ஆனா நான் போயிருப்பேன் க்ளெனிஸ். மொகத்துக்கு நேரா வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட, கால்ல விழுந்து கேட்டிருப்பேன். பீர ஊத்தமாட்டேன்டா, ராத்திரி முழுக்க வெளக்கு எரியட்டும்டான்னு சொல்லியிருப்பேன். யாருமே எங்கிட்ட அதக் கேக்கலயே."

அறுபத்தாறு வயது மனுஷன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துத் தேம்பினான். விமான நிலையத்தில் கைகொடுத்தபோதும் அழாதவன். இத்தனை வருடமும் அவனை ஒரு நியாயவான் என்றுதான் நினைத்திருந்தேன். அவனுக்கு அவ்வளவு ஆசை இருந்தது என்று கூடப் பிறந்த எனக்கே அன்றுதான் தெரிந்தது.